மழைக் கேட்டுக்கு முன்னால்... ஆப்பிரிக்காவில் ஒரு பைக் பயணம்!

கேமரூன் நாட்டின் மண் சாலைகளில் மழைக்காலத்தில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. சாலையின் குறுக்கே ரயில்வே கேட் மாதிரி ஒரு நீளமான கம்பம் இறக்கப்பட்டிருக்கும். அதற்குப் பின்னால் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். விபத்து எதுவும் நடக்கவில்லை. மறியலும் இல்லை. மழை பெய்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கம்பத்துக்குப் பெயரே ‘மழைத் தடுப்பு’தான். மத்திய ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு பேசும் பல நாடுகளில் இது உண்டு. ஈரமான மண் சாலையில் 30 டன் லாரி ஒன்று போனால் போதும், சாலை உழுத வயலாகிவிடும். பின்னால் வருகிற யாரும் போக முடியாது. அதனால் மழை பெய்யும்போதும், விட்ட பிறகு சில மணி நேரத்துக்கும் கனரக வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. மண் கொஞ்சம் இறுகிய பிறகுதான் கம்பம் உயரும்.

பைக்கில் வருபவருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. கம்பத்தின் ஓரத்தில் ஒரு பைக் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். காவலர் பெரும்பாலும் கையைக் காட்டி, ‘போ’ என்று விட்டுவிடுவார்.

போகலாமா, நிற்கலாமா? ஆப்பிரிக்காவை மழைக்காலத்தில் பைக்கில் கடக்க நினைப்பவர்கள் தினமும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். ஒவ்வொரு ஆண்டும் உலகின் பல மூலைகளில் இருந்தும் இந்தக் கண்டத்தைக் கடக்க பைக்கில் கிளம்புகிறார்கள். அவர்களைச் சிங்கமும் யானையும் மிரட்டுவதைவிடச் சேறுதான் அதிகம் மிரட்டுகிறது.

மழைக்கு ஒரு காலண்டர்

‘ஆப்பிரிக்காவில் மழைக்காலம் எப்போது?’ என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. 54 நாடுகள் கொண்ட கண்டம் அது. கெய்ரோவில் இருந்து கேப் டவுன் வரை சாலை வழியாகச் சுமார் 10,000 கி.மீ. அத்தனை நீளத்தில் ஏதாவது ஓர் இடத்தில் மழை கொட்டிக்கொண்டுதான் இருக்கும்.

ஆனால், அந்த மழைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சூரியன் எங்கே உச்சிக்கு நேராக நிற்கிறதோ, அங்கே நிலம் சூடாகிக் காற்று மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடலில் இருந்து ஈரக் காற்று வரும். இதனால் கண்டத்தின் குறுக்கே ஒட்டியாணம் போல ஒரு மழைப் பட்டை உருவாகிறது. சூரியன் வடக்கே போனால் அதுவும் வடக்கே போகும், தெற்கே வந்தால் கூடவே வரும்.

ஜூலை, ஆகஸ்டில் இந்தப் பட்டை எத்தியோப்பியா, சாட், நைஜர், மாலி பக்கம் நிற்கும். எத்தியோப்பியாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பெருமழைக்கு ‘கிரெம்ட்’ என்று பெயர். ஜனவரியில் பட்டை தெற்கே இறங்கி ஜாம்பியா, மலாவி, மொசாம்பிக் நாடுகளை நனைக்கும். நடுவில் இருக்கும் கென்யா, தான்சானியா பகுதிகளை அது ஆண்டுக்கு இரண்டு முறை கடக்கிறது. மார்ச் முதல் மே வரை பெய்வது நீண்ட மழை, சுவாஹிலி மொழியில் ‘மசிகா’. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது குறுகிய மழை, ‘வூலி’.

அக்டோபர் முதல் டிசம்பர் என்றதும் தமிழர்களுக்கு வடகிழக்குப் பருவமழை நினைவுக்கு வரும். மழையில் இரண்டு கரைகளுக்கும் உறவும் உண்டு. கேரளாவில் வந்து இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்று, வழியில் கென்யா, சோமாலியா கடற்கரைகளை உரசிக்கொண்டுதான் வருகிறது.

எவ்வளவு பெய்யும்? சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. கேமரூன் மலையின் அடிவாரத்தில், கடலோரமாக டெபுன்ட்ஷா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே பெய்வது சுமார் 10,000 மி.மீ! உலகிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் அதுவும் ஒன்று.

அனுபவசாலிகள் ஆப்பிரிக்கப் பயணத்துக்கு ரூட் மேப்பைப் பிரிப்பதற்கு முன்னால் காலண்டரைப் பிரிப்பது இதனால்தான். ஹாலிவுட் நடிகர் ஈவன் மெக்ரெகரும் அவருடைய நண்பர் சார்லி பூர்மனும் 2007-ல் ஸ்காட்லாந்தின் வடக்கு முனையில் இருந்து கேப் டவுன் வரை பைக்கில் போனார்கள். மே 12-ல் கிளம்பி ஆகஸ்ட் 4-ல் முடித்தார்கள். ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்த நேரம், அங்கே பெரும்பாலான இடங்களில் உலர்ந்த குளிர்காலம். அதிலும் அவர்களுக்குப் பின்னால் உதவிக்கு ஜீப்புகள் வந்தன.

தனியாகக் கிளம்புகிறவர்களுக்கு அப்படி அமைவதில்லை. ஓர் ஊரில் காய்ச்சலில் பத்து நாள் படுப்பார்கள். இன்னோர் ஊரில் உதிரிபாகத்துக்காக மூன்று வாரம் உட்கார்ந்திருப்பார்கள். போட்ட கணக்கு நழுவி, ஏதாவது ஒரு நாட்டில் மழை அவர்களைப் பிடித்துவிடும்.

செம்மண் வழுக்கும்... கரிசல் பிடிக்கும்!

வண்டி ஓட்டுகிறவருக்குச் சேறு என்பது ஒரே வகை கிடையாது.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் செம்மண் சாலைகள். வெயில் காலத்தில் கல் மாதிரி இறுகிக் கிடக்கும். மேலே ஒரு மழை விழுந்தால் போதும், சோப்பு தேய்த்த குளியலறைத் தரை மாதிரி ஆகிவிடும். பிரேக்கைத் தொட்டால் வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அந்தச் சாலையில் முன் பிரேக்கை மறந்துவிட்டு, கியரைக் குறைத்து, காலைத் தரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர்ந்துதான் போக வேண்டும்.

இன்னொன்று கரிசல். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து வாசகர்களுக்கு இந்த மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மழை பெய்த கரிசல் காட்டில் செருப்போடு நடந்தால், பத்தடி தாண்டுவதற்குள் செருப்பு இரண்டு கிலோ ஆகிவிடும். அதே வகைக் கறுப்பு மண் எத்தியோப்பியா, சூடான், கென்யா, தான்சானியா என்று கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பரந்து கிடக்கிறது. செருப்பில் ஒட்டுவது போலவே டயரிலும் ஒட்டும். சக்கரம் சுற்றச் சுற்ற மண் திரண்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அடைத்து, கடைசியில் சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும். குச்சியால் நோண்டி எடுத்து, பத்து மீட்டர் நகர்ந்து, மறுபடியும் நோண்ட வேண்டும். ஒரு நாள் முழுக்க இப்படி ஏழெட்டு கி.மீ. நகர்ந்தவர்கள் உண்டு. முன் மட்கார்டைக் கழற்றிப் பெட்டியில் கட்டிக்கொள்வதுதான் இதற்குப் பழகிய வைத்தியம். முகமெல்லாம் சேறு தெறிக்கும். ஆனால், சக்கரம் சுற்றும்.

இதில் ஒரு வேடிக்கை. பயணிகள் ஆசை ஆசையாக வாங்கிக்கொண்டு வரும் பெரிய பைக்குகள் 250 கிலோ எடை இருக்கும். மேலே பெட்டிகளின் பாரம் வேறு. சேற்றில் ஒரு முறை சாய்ந்தால், தனி ஆளால் நிமிர்த்த முடியாது. அந்த நேரத்தில் பக்கத்திலேயே உள்ளூர்க்காரர் ஒருவர், அதில் பாதி எடைகூட இல்லாத 125 சி.சி. வண்டியில், பின்னால் இரண்டு பேரையும் ஓர் ஆட்டையும் ஏற்றிக்கொண்டு, ஒரு காலைத் தேய்த்தபடி கடந்து போய்க்கொண்டிருப்பார்!

நடக்க முடியாவிட்டால் ஓட்டவும் முடியாது

சேற்றைவிடப் பெரிய ஆபத்து, தண்ணீர். பாலம் இல்லாத ஓடைகள் வழி நெடுக உண்டு. காலையில் முழங்கால் அளவு ஓடிய ஓடையில், மலையில் பெய்த மழையால் மதியம் இடுப்பளவு தண்ணீர் வந்துவிடும்.

அனுபவசாலிகள் சொல்லும் விதி எளிமையானது. வண்டியை நிறுத்து, இறங்கு, முதலில் நடந்து பார். நடந்து கடக்க முடியாத தண்ணீரை ஓட்டியும் கடக்க முடியாது. தண்ணீரின் அடியில் கல் இருக்கிறதா, குழி இருக்கிறதா என்று காலுக்குத்தான் தெரியும். ஆனால், இறங்குவதற்கு முன்னால் ஊர்க்காரர்களைக் கேட்க வேண்டும். முதலையும் நீர்யானையும் இருக்கும் ஆறுகள் எவை என்று அவர்களுக்குத்தான் தெரியும். தேங்கிய நன்னீரில் கால் வைத்தால் தோல் வழியாகவே உடம்புக்குள் நுழையும் நத்தைக் காய்ச்சல் ஒட்டுண்ணிகளும் அங்கே உண்டு.

வண்டி தண்ணீரில் விழுந்து இன்ஜின் நின்றுவிட்டால், பதற்றத்தில் ஸ்டார்ட்டரை அழுத்துவதுதான் முதல் தவறு. காற்றை அழுத்துவது போலத் தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், கனெக்டிங் ராடே வளைந்துவிடும். கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இன்ஜினைச் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளி, ஏர் ஃபில்டரைப் பிழிந்து காயவைத்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

காங்கோ ஜனநாயகக் குடியரசில் நடந்து பார்க்கும் பேச்சுக்கே இடமில்லாத ஆறுகள் உண்டு. இந்தியாவின் பரப்பில் சுமார் 70 சதவிகிதம் இருக்கும் நாடு அது. தார்ச் சாலைகள் மிகக் குறைவு. மழைக்காலத்தில் லாரிகள் ஒரே பள்ளத்தில் வாரக்கணக்கில் புதைந்து கிடக்கும். ஆற்றைக் கடக்க, ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த ஓடங்கள்தான். நாலைந்து பேர் சேர்ந்து பைக்கைத் தூக்கி ஓடத்தில் நிறுத்துவார்கள். சொந்தக்காரர் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூலியைக் கரையிலேயே பேசி முடித்துவிட வேண்டும். நடு ஆற்றில் போய்ப் பேரம் பேச முடியாது!

1934-ல் இரண்டு பெண்கள்

இன்றைக்கு மொபைலில் மழை மேகம் எங்கே நிற்கிறது என்று பார்க்க முடிகிறது. எதுவுமே இல்லாத காலத்தில் இதே கண்டத்தைக் கடந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பெண்கள்.

தெரசா வாலாக், ஃப்ளாரன்ஸ் பிளென்கிரான் என்ற அந்த இரு இங்கிலாந்துப் பெண்களும் பைக் ஓட்டுவதில் கெட்டிக்காரர்கள். 1934 டிசம்பர் 11 அன்று லண்டனில் இருந்து கேப் டவுனுக்குக் கிளம்பினார்கள். 600 சி.சி. பேந்தர் பைக், பக்கத்தில் ஒரு சைடு கார், பின்னால் ஓர் இழுவைப் பெட்டி. இதுதான் அவர்களுடைய வாகனம். சஹாரா பாலைவனத்தைக் கடக்கும்போது இன்ஜின் கைவிட்டது. இன்றைய நைஜர் நாட்டில் உள்ள அகதேஸ் நகரில் அவர்கள் காத்திருக்க நேர்ந்தது. பாலைவனம் முடிந்ததும் காடு. அங்கே பல இடங்களில் சாலை என்று சொல்வதற்கே எதுவும் கிடையாது. 1935 ஜூலை 29-ல் கேப் டவுன் போய்ச் சேர்ந்தார்கள். ஏழரை மாதங்கள்!

இரண்டாம் உலகப் போரில் தெரசா, பிரிட்டிஷ் ராணுவத்தில் பைக்கில் தபால் கொண்டுபோகும் பணியில் இருந்தார். பிறகு அமெரிக்காவுக்குப் போய், பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியை நடத்தினார். தன் 90-வது பிறந்தநாளில் காலமானார். ஆப்பிரிக்கப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம், அவர் மறைந்த பிறகுதான் வெளிவந்தது.

அந்த ஏழரை மாதங்களில் எத்தனை நாள் சக்கரம் ஓடியது, எத்தனை நாள் நின்றது என்று யோசித்தால் ஒன்று புரியும். அவர்கள் ஓட்டத் தெரிந்ததால் மட்டுமே போய்ச் சேரவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் தெரிந்திருந்தது.

விசா ஓடுகிறது... மழை நிற்கவில்லை

இன்றைய பயணிக்குக் காத்திருப்பதுதான் கடினம். காரணம், விசா. ஒரு நாட்டில் முப்பது நாள் விசா என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்தாவது நாளில், எல்லைக்கு 200 கி.மீ. முன்னால் சாலை மூழ்கிவிடுகிறது. காத்திருந்தால் விசா முடியும், அபராதம், விசாரணை. அடுத்த நாட்டு விசாவோ வேறு தேதியில் ஆரம்பித்து ஓடிக்கொண்டிருக்கும். வண்டிக்கு வாங்கிய சுங்க அனுமதிக்கும் கெடு உண்டு. இந்த நெருக்கடியில்தான் பலர், ‘எப்படியாவது போய்விடலாம்’ என்று தண்ணீரில் வண்டியை விடுகிறார்கள்.

மழைக்காலத்தில் நடக்கும் விபத்துகளில் வண்டியையோ சாலையையோ குறை சொல்ல முடியாத பல சந்தர்ப்பங்களில், காரணம் இந்த அவசரமாகத்தான் இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு நாட்டிலும் சில நாள்களை முன்கூட்டியே ‘மழைக்கு’ என்று ஒதுக்கி வைக்கிறார்கள். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து 90 நாளைக்குக் கிடைக்கும் கிழக்கு ஆப்பிரிக்க சுற்றுலா விசா போன்றவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

தினசரி ஓட்டத்திலும் இதே கணக்குதான். வெப்ப மண்டலத்தில் இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திரண்டு வரும். விடியற்காலையில் கிளம்பி, மூன்று மணிக்குள் ஓர் ஊரில் தங்கிவிட்டால் பாதிப் பிரச்னை இல்லை. ‘இருட்டுவதற்குள் அடுத்த ஊர்’ என்று ஆசைப்பட்டால், இருட்டும் மழையும் சேர்ந்து வரும்.

சுவாஹிலியில் ‘பொலே பொலே’ என்று ஒரு சொல் உண்டு. மெதுவா, மெதுவா என்று அர்த்தம். சேற்றில் விழுந்து எழும் வெளிநாட்டுப் பயணி கென்யாவிலும் தான்சானியாவிலும் அதிகம் கேட்கும் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

காத்திருக்க முடியாதவர்கள்

ஆனால், காத்திருக்க முடிவதே ஒரு வசதி. வெளிநாட்டுப் பயணி மூன்று நாள் ஒரு விடுதியில் டீ குடித்துக்கொண்டு உட்காரலாம். அதே சாலையில் இடுப்புவலி எடுத்த ஒரு பெண்ணால் மூன்று மணி நேரம்கூட உட்கார முடியாது.

அந்தச் சாலையில் அவருக்காக மழையில் வண்டி ஓட்டுபவர் யார்? உள்ளூர் பைக் டாக்ஸிக்காரர்.

உகாண்டாவிலும் கென்யாவிலும் இந்த பைக் டாக்ஸிக்கு ‘போடா போடா’ என்று பெயர். கேட்டால் சிரிப்பு வரும். ‘பார்டர், பார்டர்’ என்ற ஆங்கிலச் சொல்தான் அப்படி மருவியது. 1960-களில் இரு நாடுகளின் எல்லையில் சைக்கிளில் ஆள் ஏற்றியவர்கள், ‘எல்லைக்கு, எல்லைக்கு’ என்று கூவி அழைத்ததில் வந்த பெயர். சைக்கிள் போய் பைக் வந்தது, பெயர் நிலைத்துவிட்டது. நைஜீரியாவில் இதையே ‘ஒக்காடா’ என்கிறார்கள். பெனினில் ‘ஸெமிஜான்’.

வாழைத்தார், சிமென்ட் மூட்டை, கட்டில், பள்ளிக் குழந்தைகள், சவப்பெட்டி வரை எல்லாம் இந்த வண்டியில்தான் போகிறது. கார் போகாத சேற்றிலும் இது போகும். இப்படி ஓடும் வண்டிகளில் கணிசமானவை இந்தியாவில் இருந்து போனவை. பஜாஜ் பாக்ஸர் வண்டியைக் கண்டம் முழுக்கப் பார்க்கலாம். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் நிறுவனத்தின் ஹெச்எல்எக்ஸ் வண்டிகளும் அங்கே பிரபலம். ஜெர்மனி பைக்கில் வந்து சேற்றில் மாட்டிக்கொண்டவரை, ஓசூர் கம்பெனி பைக்கில் வந்தவர் இழுத்துவிடுவது அங்கே நடக்கக்கூடிய காட்சிதான்.

மழையில் இவர்கள் எடுக்கும் ஆபத்துக்குப் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கிடையாது, நல்ல ரெயின்கோட் கிடையாது. பலருக்கு ஹெல்மெட்கூடக் கிடையாது. சாலை மோசமாகும்போது கட்டணம் ஏறும். அதைக் கொடுக்க முடியாத குடும்பம் நோயாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும்.

இந்த நிலையை மாற்ற பைக் உலகத்தில் இருந்தே ஒரு முயற்சி பிறந்தது. 1980-களின் இறுதியில், அமெரிக்க பைக் ரேஸ் வீரர் ரேண்டி மமோலா தொண்டுப் பணிக்காக சோமாலியாவுக்குப் போனார். பைக் பந்தயங்களைப் பற்றி எழுதிவந்த பிரிட்டிஷ் பத்திரிகையாளர் பேரி கோல்மேனும் அங்கே போனார். சுகாதார ஊழியர்களுக்காக வாங்கப்பட்ட பைக்குகள் துருப்பிடித்து மூலையில் கிடந்ததை அவர்கள் பார்த்தார்கள். பெரிய பழுது எதுவும் இல்லை. ஒரு சின்ன உதிரிபாகம் இல்லாததும், ஆயில் மாற்ற யாரும் சொல்லித்தராததும்தான் காரணம். பேரியும் அவருடைய மனைவி ஆண்ட்ரியாவும் மமோலாவும் சேர்ந்து ‘ரைடர்ஸ் ஃபார் ஹெல்த்’ என்ற அமைப்பைக் கட்டினார்கள். லெசோதோ, கேம்பியா, ஜிம்பாப்வே போன்ற நாடுகளில் சுகாதார ஊழியர்களுக்கு வண்டி ஓட்டவும், தினமும் பத்து நிமிடம் செலவழித்து வண்டியைப் பார்த்துக்கொள்ளவும் கற்றுக்கொடுத்தார்கள். செயினுக்கு எண்ணெய் விட்டிருக்கிறதா, நட்டு தளர்ந்திருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்தப் பத்து நிமிட வேலை. மழைக்காலத்தில் ஒரு மலைக்கிராமத்துக்குத் தடுப்பூசி போய்ச் சேருமா என்பதை அது தீர்மானிக்கிறது.

மலைகள் நிறைந்த ருவாண்டாவில் வேறு வழி கண்டார்கள். 2016 முதல் அங்கே தொலைதூர மருத்துவமனைகளுக்கு ரத்தம் ட்ரோனில் பறந்து போகிறது. கீழே சாலை எப்படிக் கிடந்தாலும், பிரசவத்தில் ரத்தம் இழந்த தாய்க்கு அது மேலே இருந்து வந்து சேரும்.

தார் போட்டால் தீருமா?

பல சாலைகள் மாறிவிட்டன. எத்தியோப்பிய எல்லையில் இருக்கும் மொயாலேயில் இருந்து கென்யாவின் மார்சபிட்டுக்குப் போகும் பாதை, ஒரு காலத்தில் பைக் பயணிகளின் கெட்ட கனவு. கல்லும் கரிசலும் கலந்த அந்தப் பாதையில் உடையாத ஷாக் அப்ஸார்பரே இல்லை என்பார்கள். இன்றைக்கு அங்கே வழுவழுவென்று தார்ச் சாலை. நைஜீரிய எல்லையில் இருந்து கேமரூனின் மாம்ஃபே வழியாக பமெண்டா போகும் சாலையும் அப்படித்தான். மழைக்காலத்தில் லாரிகளை விழுங்கிய அந்தச் சேற்றின் மேல் தார் போட்டார்கள். ஆனால், சில ஆண்டுகளிலேயே அந்தப் பகுதியில் அரசுக்கும் பிரிவினைவாதிகளுக்கும் மோதல் வெடித்தது. சாலை நன்றாக இருக்கிறது, போவதற்குத்தான் பயம். கெய்ரோவில் இருந்து சூடான் வழியாகத் தெற்கே இறங்கும் பழைய பாதையையும் 2023 ஏப்ரலில் தொடங்கிய போர் அடைத்துவிட்டது.

தார்ச் சாலை என்றாலும் மழையிடம் அலட்சியம் கூடாது. 2019 மார்ச்சில் ‘இடாய்’ புயல் மொசாம்பிக்கைத் தாக்கியபோது, பெய்ரா நகரத்தை ஜிம்பாப்வேயோடு இணைக்கும் நெடுஞ்சாலையே பல இடங்களில் அறுந்துபோனது. நகரம் தீவானது. 2024 ஏப்ரல், மே மாதங்களில் கென்யாவில் கொட்டிய மழையில் 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நைரோபிக்கு அருகில் இருக்கும் மாய் மஹியூ, சுற்றுலாப் பயணிகள் வழக்கமாகக் கடந்து போகும் ஊர். அங்கே இரவில் ஊர் தூங்கும் நேரத்தில் வெள்ளம் பாய்ந்து 40-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். ஆற்றுப் படுகையிலும் பள்ளத்திலும் கூடாரம் போடக் கூடாது என்று பயணிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கிளம்புகிறவர்கள் கவனிக்க...

● ஆப்பிரிக்கா என்றால் வெயில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா கடல் மட்டத்தில் இருந்து 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஜூலையில் பகல் வெப்பமே சுமார் 20 டிகிரிதான். நனைந்தபடி ஓட்டினால் கை விரைத்து, கிளட்ச் பிடிக்க வராது. மழை உடையோடு ஒரு கம்பளிச் சட்டையும் வேண்டும்.

● மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பல நாடுகளில் கட்டாயம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாளைக்கு முன்பே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். ஒரு முறை போட்டால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால், இந்தியாவில் இறங்கியதும் தனிமைப்படுத்தப்படலாம்.

● மழையோடு கொசுவும் வரும். உலகில் மலேரியாவால் இறப்பவர்களில் சுமார் 95 சதவிகிதம் பேர் ஆப்பிரிக்காவில்தான். தடுப்பு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, ஊர் திரும்பிய பிறகும் அவர் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். வீடு வந்து சில வாரம் கழித்துக் காய்ச்சல் அடித்தால்கூட, ‘ஆப்பிரிக்கா போயிருந்தேன்’ என்று டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

● பாஸ்போர்ட், வண்டியின் ஆவணங்கள், பணம் மூன்றும் தண்ணீர் புகாத உறையில், உடம்போடு இருக்கட்டும். பெட்டி ஆற்றோடு போனாலும் ஆள் ஊர் திரும்பலாம்.

● சாலை நிலவரத்தை எதிர்த் திசையில் இருந்து வரும் பைக் டாக்ஸிக்காரரிடம் கேட்பது நல்லது. காலையில் அந்த வழியாக வந்தவருக்கு, நேற்று எடுத்த செயற்கைக்கோள் படத்தைவிட அதிகம் தெரியும்.

● சேற்றில் யாராவது தள்ளிவிட்டால் கூலி கொடுப்பது மரியாதை. அன்றைக்கு அவர்களுடைய வேலை கெட்டிருக்கும்.

இவ்வளவையும் படித்த பிறகு, கேமரூனின் அந்த மழைக் கேட்டுக்குத் திரும்பலாம். கம்பத்தின் ஓரத்தில் இடைவெளி இருக்கிறது, காவலரும் கையைக் காட்டிவிட்டார். வெளிநாட்டு பைக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, லாரி டிரைவர்களின் பக்கத்தில் போய் உட்காரலாம். யாராவது வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டுவார்கள். அந்த நேரத்தில் பின்னால் இருந்து ஒரு பைக் டாக்ஸி வரும். பின் ஸீட்டில், போர்வையால் சுற்றிய குழந்தையோடு ஒரு தாய். அவர்களுக்காக லாரிக்காரர்கள் எழுந்து வழிவிடுவார்கள். வண்டி அந்த இடைவெளியில் நுழைந்து, வழுக்கி, சமாளித்து, திருப்பத்தில் மறையும்.

பிறகு வெயில் வரும். மண்ணில் இருந்து ஆவி கிளம்பும். டிரைவர்கள் பாயைச் சுருட்டுவார்கள். கம்பம் மெல்ல உயரும்.